பி.காம் முடித்தவர்கள் கவர் லெட்டரில் என்ன எழுதலாம்?

ரெஸ்யூமில் இருப்பதையே வாக்கியமாக்கி எழுதினால் அது கவர் லெட்டர் ஆகாது. நிறுவனம் கேட்கும் வேலையில் நீங்கள் ஏற்கெனவே கைப்படச் செய்தது எது என்று அதில் சொல்ல வேண்டும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் கேட்டு விளம்பரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், எக்செல் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு வேலையைக் குறியுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் செய்தவர் ‘ஜிஎஸ்டி தெரியும்’ என்று மட்டும் எழுதினால் வீண். ‘மாதம் சுமார் 150 கொள்முதல் பில்களை டேலியில் பதிந்தேன், ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டு, அதில் வராத பில்களைப் பட்டியல் எடுத்தேன்’ என்றால் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். (2பி என்பது, நிறுவனத்துக்குச் சரக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்.) மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்தில் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரி கட்டுவதற்கான சுருக்கக் கணக்கான 3பி போக வேண்டும். 2பி கைக்கு வருவதோ 14-ம் தேதி. ஒப்பிட்டு முடிக்க இடையில் ஆறே நாள். அந்த நெருக்கடியில் கைகொடுக்கத்தான் பல இடங்களில் ஆள் தேடுகிறார்கள்.

எண்ணிக்கை உண்மையாக இருக்கட்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வரும். இன்டர்ன்ஷிப் போகவில்லையா? சித்தப்பா கடைக்கு ஆறு மாதம் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் அனுபவம்தான். பலர் கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் 150 முதல் 200 சொற்கள், மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் எந்தப் பதவி, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள். நடுவில் மேலே சொன்னது. கடைசியில் எப்போது சேர முடியும், போன் நம்பர். ‘ஹார்டுவொர்க்கிங், குயிக் லேர்னர்’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கினால் பழைய பாணி என்பார்கள், ஆனால் அதற்காக யாரும் நிராகரிப்பதில்லை. வேறு கம்பெனியின் பெயர் அப்படியே கிடந்தால்தான் ஆபத்து. சாட்ஜிபிடியிடம் இலக்கணம் மட்டும் திருத்தச் சொல்லுங்கள். முழுக் கடிதமும் கேட்டால் எல்லாருடையதும் ஒரே அச்சில் வரும்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். எந்தப் பேப்பர், எப்போது எழுதப்போகிறீர்கள் என்று ஒரே வரி. கேட்காதவரை சம்பளப் பேச்சு வேண்டாம்.

கடிதத்தை மெயிலிலேயே எழுதி, ரெஸ்யூமை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். ‘நியூ ஃபைனல் 2’ என்று ஃபைலுக்குப் பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். சப்ஜெக்ட் வரியிலும் அவையே. நாற்பது கம்பெனி முகவரிகளை ஒரே மெயிலின் ‘டூ’ வரியில் போட்டால், அந்த வரிசை எல்லார் கண்ணிலும் படும், பதில் வராது.

பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: எச்.ஆருக்கு நீங்கள் போன் போட்டு விசாரிக்காதீர்கள். பிள்ளைக்குப் பேசத் தெரியாதோ என்று அங்கே நினைத்துவிடுவார்கள்.