பாமினியில் அடித்த நோட்ஸ்

அன்புள்ள ஐயா,

கொழும்பில் பொருளியல் விரிவுரையாளராக இருக்கிறேன். இந்த வருடம் விழிப்புலனற்ற மாணவி ஒருவர் முதலாம் ஆண்டுக்கு வந்திருக்கிறார். தமிழ் நோட்ஸ் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக அனுப்புகிறேன். "கம்ப்யூட்டர் வாசிக்குதில்லை மிஸ்" என்கிறார். பாடத்தை இலகுவாக்கிக் கொடுக்கும்படி சக விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். எதை இலகுவாக்குவது?

ஒரு விரிவுரையாளர், கொழும்பு

அன்புள்ள விரிவுரையாளருக்கு,

பாடத்தில் ஒரு வரியும் குறைக்க வேண்டாம். பொருளியல் அவருக்கு விளங்காமலில்லை, உங்கள் கோப்புத்தான் அவருடைய கணினிக்கு விளங்கவில்லை.

நோட்ஸ் பாமினியில் அடித்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாமினி என்பது ஒரு பழைய தமிழ் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட தமிழ் வேஷம். நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஒரு பந்தியைப் பிரதி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பை வந்தால் பாமினி. எழுத்தைத் தெரிவு செய்யவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த வெறும் படம்.

பாமினியை, கணினி தமிழென்றே அறியும் யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டால், இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்துச் சிதைத்துவிடும். பொருளியல் நோட்ஸில் அவை பந்திக்குப் பந்தி வரும். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் துண்டு துண்டாக மாற்றுங்கள். ஸ்கேன் படமென்றால் கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். பிறகு மூலத்தோடு ஒத்துப் பார்த்தே ஆகவேண்டும்: புள்ளிகள் விழுந்துபோகலாம், அட்டவணைகள் கலைந்துவிடும்.

அவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பாவிப்பவராக இருந்தால் தமிழ்க் குரல் அதனுடனேயே வருகிறது, இலவசம். அந்தக் குரல் தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது, வேர்டின் ‘ஹெடிங்’ பாணியைக் கொடுங்கள். அப்போதுதான் அவரால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும், இல்லாவிட்டால் 30 பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். பிடிஎஃப் ஆக்கும்போது ‘பிரின்ட்’ வழியாகப் போகாமல் ‘சேவ் அஸ்’ வழியாகப் போங்கள். பிரின்ட் வழியில் தலைப்பு அமைப்பு தொலைந்துவிடும். உண்மையில் வேர்ட் கோப்பையே கொடுப்பது இன்னும் நல்லது.

வரைபடம்தான் உங்கள் பாடத்தில் பெரிய வேலை. படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்றுரையில் ‘கேள்வி, நிரம்பல் வரைபடம்’ என்று எழுதுவதால் ஒன்றும் கிடைக்காது. ‘கேள்வி வளையி இடமிருந்து வலமாகக் கீழிறங்குகிறது, நிரம்பல் வளையி மேலேறுகிறது, விலை 40 ரூபா, அளவு 120 அலகில் இரண்டும் வெட்டுகின்றன’ என்று எழுதுங்கள். வகுப்பிலும் இதே கதைதான். "இதை இங்க நகர்த்தினா அது அங்க வெட்டும்" என்று கரும்பலகையைத் தட்டிச் சொன்னால் அவருக்கு அந்தத் தட்டல் மட்டுமே கேட்கும். "நிரம்பல் வளையி வலப்பக்கம் நகர்ந்தால் விலை குறையும்" என்று சொல்லிப் பாருங்கள். பின்வரிசையில் நோட்ஸ் எழுதுபவர்களுக்கும் அது உதவும்.

கல்வி நிறுவன அனுமதியில் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் கூடாது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அனுமதியைக் கொடுத்துவிட்டு வாசிக்க முடியாத கோப்பைக் கொடுப்பது, என் பார்வையில், வாசலைத் திறந்து படிக்கட்டைக் கழற்றுவது.

பழைய நோட்ஸ் முழுவதையும் இன்றே மாற்ற வெளிக்கிட்டால் களைத்துப்போவீர்கள். அடுத்த கிழமை விரிவுரைக்கு உரியதை முதலில் மாற்றி, விரிவுரைக்கு ஒரு நாள் முன்பே அனுப்புங்கள்.

பரீட்சையை மறக்க வேண்டாம். வினாத்தாளையும் யாராவது பாமினியில் அடித்தால் மேலதிக நேரம் கொடுத்தும் பயனில்லை. இரண்டு கிழமைக்கு முன்பே பழைய வினாத்தாள் ஒன்றை அதே வடிவில், பரீட்சையன்று பாவிக்கப்போகும் அதே கணினியில் அவர் வாசித்துப் பார்க்கட்டும். ஹெட்போனும் வேண்டும், இல்லாவிட்டால் மண்டபம் முழுவதற்கும் வினாத்தாளைக் கணினி சத்தமாக வாசித்துவிடும்.