காரில் தனி ஜிபிஎஸ் கருவி தேவையா?

கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது காருக்கெனத் தனி ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடம் முழுவதும் கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருப்பதால், இணையத் தொடர்பு கிடைக்காத மலைப்பாதையிலும் அது வழிகாட்டும் என்பதே முதன்மையான காரணம். வாங்கும்போது திரையின் அளவைவிட, வரைபடப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு இலவசம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பழைய வரைபடம் புதிய மேம்பாலத்தை அறியாமல், அதன் மேல் சென்றுகொண்டிருக்கும் உங்களை இடப்பக்கம் திரும்பச் சொல்லும். ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது 4-இன் சமிக்ஞை கிடைத்தால்தான் இருப்பிடத்தைச் சரியாகக் கணிக்க முடியும் என்பதால், அடித்தள வாகன நிறுத்தத்தில் கருவி திணறுவது பழுதன்று. வானம் தெரியும் இடத்துக்கு வந்து ஓரிரு நிமிடங்கள் பொறுத்திருங்கள். சேருமிடத்தையும் வண்டி நகருமுன்பே பதிந்துவிட்டால், பிறகு குரலை மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டலாம்.