மூன்றரை மணிக்கு மேல் பிள்ளை யாரிடம்?

பிப்ரவரி பிறந்தால் போதும், நமக்கு வருகிற கடிதங்களில் பாதி எல்.கே.ஜி. சீட்டைப் பற்றித்தான். இந்த முறை கொங்குப் பக்கத்துக் கடிதங்களாகவே பொறுக்கி எடுத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் அங்கேதான் சத்தம் கொஞ்சம் கூடுதல்.

கேள்வி: நானும் கணவரும் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறோம். பையனுக்கு ஜூலை 20-ஆம் தேதியோடு மூன்று வயது முடிகிறது. நான்கு பள்ளிகளில் அப்ளிகேஷன் வாங்கியிருக்கிறோம். அதில் பெரிய பள்ளியில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருக்கும் இன்டர்வியூ உண்டாம். மச்சாண்டார் மகளுக்குப் போன வருடமே அங்கே கிடைத்துவிட்டது, மாமியார் வீட்டில் அதே பேச்சு. தினமும் ராத்திரி கலர், பழம், எண் என்று சொல்லிக்கொடுக்கிறேன், பையன் அழுகிறான். நான் என்ன செய்ய வேண்டும்? (சரவணம்பட்டி வாசகி)

பதில்: அந்த ராத்திரி வகுப்பை இன்றோடு நிறுத்துங்கள். ஆபீஸ் முடிந்து வந்து அவனோடு இருக்கிற கொஞ்ச நேரத்தையும் பரீட்சையாக்கினால், அம்மா வருகிற சத்தம் கேட்டாலே ஓடி ஒளிவான்.

இனி சட்டத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சோதனை வைத்துச் சேர்க்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. இன்டர்வியூ வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையும் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரையும் அபராதம், நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல பத்து மடங்கு வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது, எல்.கே.ஜி. சேர்க்கையில் அது எங்களைக் கட்டாது என்று பள்ளிகள் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று தனியார் பள்ளிகளில் அந்தச் சட்டம் ஒதுக்குகிற 25 சதவீத இலவச இடங்கள் போக மற்ற நர்சரி இடங்களுக்கு அது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2013-இல் சொன்னது. அதனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டு சீட் வாங்கலாம் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஒன்று மட்டும் யோசியுங்கள், மூன்று வயசுப் பிள்ளையை நிற்கவைத்துப் பழத்தின் பெயர் கேட்டுத் தேர்வு செய்கிற பள்ளி, அவன் மூன்றாம் வகுப்பில் கணக்கில் தடுமாறினால் என்ன செய்யும்?

சரி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான்கு பள்ளிகளின் பெயர் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, நீச்சல் குளம் கூட இருக்கிறது. பிள்ளையை மத்தியானம் யார் கூப்பிட்டு வருவார்கள் என்பது ஒரு வரி கூட இல்லை. பல பள்ளிகளில் எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கே முடிந்துவிடும், மேல் வகுப்பு என்றால் மூன்றரை. நீங்கள் இருவரும் வீடு வரும்போது ஏழு, சில நாள் எட்டு ஆகும். நடுவில் உள்ள நேரத்துக்கு ஆள் யார், இடம் எது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த இடத்திலிருந்து போய்வரத் தோதான பள்ளியைத் தேடுங்கள். எல்லாரும் பள்ளியை முதலில் பிடித்துவிட்டு ஆளை அப்புறம் தேடுகிறார்கள், ஜூன் இரண்டாவது வாரத்தில் எனக்கு வருகிற அழுகைக் கடிதங்கள் முழுக்க அந்த வகைதான்.

அப்ளிகேஷன் கொடுக்கும் முன் ஒவ்வொரு பள்ளியிலும் வேன் உங்கள் வீட்டு முனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். பள்ளி எட்டரைக்கு என்பார்கள், வேன் ஆறு ஐம்பதுக்கு வரும். சத்தி ரோட்டு நெரிசலில் பெரியவர்களுக்கே தலை சுற்றுகிறது, மூன்று வயசுக்காரனைக் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தால் எந்த மான்டிசோரியும் அவன் மண்டையில் ஏறாது. நடந்து போகிற தூரத்தில் சுமாரான பள்ளி இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

வயது விஷயமும் இருக்கிறது. நம் மாநிலக் கணக்கில் ஜூலை 31-க்குள் மூன்று முடிந்தால் எல்.கே.ஜி., ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. உங்கள் பையன் பதினொரு நாள் வித்தியாசத்தில் உள்ளே வருகிறான், வகுப்பிலேயே சின்னவனாக இருப்பான். கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-க்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும், பின்னால் அந்தப் பக்கம் மாற்ற நினைத்தால் கணக்கு இடிக்கும். ஒரு வருடம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்? மச்சாண்டார் வீட்டில் பேசுவார்கள், அவ்வளவுதானே.

கட்டணத்தையும் விசாரித்துவிடுங்கள். தனியார் பள்ளிகளுக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது, அதற்கென்றே 2009-இல் நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. அந்தப் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள், நீங்கள் கட்டுவதற்கெல்லாம் ரசீது கேளுங்கள். ரசீது தராத பணத்துக்கு அங்கே என்ன பெயர் வைத்திருந்தாலும் அது டொனேஷன்தான்.

கேள்வி: திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் செக்கிங், வீட்டுக்காரர் ஓவர்லாக் டைலர். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரை ஆகும். பாப்பாவுக்கு இரண்டரை வயது. பால்வாடியில் விடலாமா, ப்ளே ஸ்கூலா, இல்லை ஊரில் மாமியாரிடம் விட்டுவிடலாமா? (திருப்பூர் வாசகி)

பதில்: ஊரில் விடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். தப்பு என்று சொல்லவில்லை, திருப்பூரில் எத்தனையோ குடும்பம் அப்படித்தான் ஓட்டுகிறது. ஆனால் இரண்டரை வயதில் விட்டு ஐந்து வயதில் கூப்பிட்டால், பாட்டியைத்தான் அம்மா என்று தேடும். அந்த இரண்டாவது பிரிவு முதலாவதைவிடக் கஷ்டம்.

பால்வாடியைக் குறைவாக நினைக்காதீர்கள். சாப்பாடு உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு, எடை பார்ப்பார்கள், தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் சொல்வார்கள், காசு கிடையாது. சிக்கல் நேரம்தான். சாயங்காலத்துக்குள் பூட்டிவிடுவார்கள், உங்களுக்கு எட்டரை. ப்ளே ஸ்கூலும் அதே கதைதான், டே கேர் சேர்ந்த இடம் என்றாலும் ஆறு, ஆறரை தாண்டாது. ஆக, எதில் விட்டாலும் பொழுதோட அங்கிருந்து கூப்பிட்டு வர ஒருவர் வேண்டும். உங்கள் லைன் வீட்டிலேயே பிள்ளை பெற்று வளர்த்த ஒரு அக்கா இருந்தால், மாதம் இவ்வளவு என்று வாய்விட்டுப் பேசிக் கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று சும்மா விட்டால் பத்து நாளில் முகம் மாறும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே சேர்த்தார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அதிலேயே சொன்னார்கள். அதற்கு எவ்வளவோ முன்னால், 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால் துணி வாங்குகிற பையர் ஆட்கள் சோதனை பார்க்க ஆடிட் வருவார்கள், அன்றைக்கு மட்டும் தொட்டிலும் பொம்மையும் முளைக்கிற கம்பெனிகளும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா. தனியாகப் போய்க் கேட்காதீர்கள், கைப்பிள்ளை வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஹெச்.ஆரிடம் கேளுங்கள். நடக்காவிட்டால், ஒருவராவது ஒரு ஷிப்ட்டோடு ஐந்தரைக்குக் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். டைலர் கூலி அதிகம் என்பதால் நீங்கள்தான் கிளம்ப வேண்டும் என்று வீட்டில் முடிவாகும், தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் கிளம்பட்டும்.

காப்பகம் எதுவானாலும் சேர்க்கும் முன் மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். பிள்ளைகள் தூங்குகிற நேரம் அது. ஆயா எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர், ஒரு பிள்ளை எழுந்து அழுதால் யார் தூக்குகிறார், தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கேட்டைத் தாழ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டோம் என்றால் வேறு இடம் பார்க்கலாம். சுவரில் இருக்கிற மிக்கி மவுஸையும் கேமராவையும் காட்டி மயக்குவார்கள், கேமரா பிள்ளையைத் தூக்காது.

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில். பேத்திக்கு ஏழாவது மாசம், மகளுக்கு லீவு முடிந்துவிட்டது. நீ வந்து இரு என்று தினமும் போன். இங்கே மஞ்சள் காடு, இரண்டு எருமை, வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. வரமாட்டேன் என்றால் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) பாசம் இல்லை என்கிறார்கள். (ஈரோடு மாவட்ட வாசகி)

பதில்: பாசத்தையும் வேலையையும் போட்டுக் குழப்புகிறார்கள் அம்மா. நாள் முழுக்க ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது முழுநேர வேலை, நாலாவது மாடியில் பேச்சுத்துணை இல்லாமல் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை. மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடும் வரை அசைய முடியாது என்று சொல்லுங்கள். அப்புறம் இரண்டு மாதம் போங்கள், ஆனால் கூடவே ஒரு ஆள் வைத்துத் தரச் சொல்லுங்கள், நீங்கள் இருக்கும்போதே பேத்தி அந்த ஆளிடம் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அவர்கள் பொறுப்பு. சம்பந்தியம்மாவும் இரண்டு மாதம் வரலாமே, பேத்தி அவருக்கும்தானே?

சுடுதண்ணி வைக்க அவர் கற்றுக்கொள்வார், கவலைப்படாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சி.பி.எஸ்.இ.யா, மெட்ரிக்கா? நீட்டுக்கு எது நல்லது? (நாமக்கல் வாசகர்)

பதில்: மூன்று வயதில் நீட்டா! பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு விடுதிப் பள்ளிகள் பெருகின மாவட்டம், பழக்கதோஷம் போலிருக்கிறது. சமச்சீர் கல்வி வந்த 2010, 2011 முதல் மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் பாடத்திட்டம் ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் வேறு. பதினான்கு வருடம் கழித்து என்ன நுழைவுத்தேர்வு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது.

கேள்வி: 25 சதவீத இடத்துக்கு மனுப் போட என்னென்ன வேண்டும்? லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: சிறுபான்மைப் பள்ளி அல்லாத தனியார் பள்ளியாக, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழ், வருமான அடிப்படையில் போடுவதானால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள் என்று சான்றிதழ். பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் கூட வேண்டும். ஆன்லைனில் மனு, இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் வேன், சீருடை, நோட்டு என்று பள்ளிகள் தனியாகக் கேட்பது உண்டு, அதை முன்னாலேயே விசாரியுங்கள். இந்த ஒரு வழியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். 2025-இல் மத்திய அரசு நிதி தராத பிரச்சினையில் இந்தச் சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அதற்குள் மற்ற பிள்ளைகள் காலாண்டுத் தேர்வே எழுதிவிட்டார்கள்.

கேள்வி: ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எனக்கு ஆசை. மொத்தம் 14 பிள்ளைகள்தான். ஒரம்பரைக்காரர்கள் (சொந்தக்காரர்கள்) சிரிக்கிறார்கள். (பொள்ளாச்சி பக்கத்து வாசகி)

பதில்: சிரிக்கட்டும், அவர்கள் வேன் ஃபீஸ் கட்டப்போவதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்காதீர்கள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான், அந்த இருவரும் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், ஒருவர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ போனால் இன்னொருவர்தான் எல்லாம். எனவே பள்ளி எப்படி என்பது அந்த இரண்டு டீச்சரும் எப்படி என்பதுதான். ஒரு நாள் போய்ப் பேசுங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நன்றாக வாசித்தால் தயங்காமல் சேர்க்கலாம், ஒரு டீச்சருக்கு இத்தனை குறைந்த பிள்ளைகள் எந்தப் பணக்காரப் பள்ளியிலும் கிடைக்காது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது, காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்கிற அவசரமும் உங்களுக்குக் குறையும். தமிழே சரளமாக வாசிக்கவில்லை என்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையும் பாருங்கள். நம் ஊரில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமோ என்று பயந்து ஒன்றாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் கணக்கெடுக்கும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண்ணும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வனும் அப்படியே.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பையனைத் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டும். பாக்கி கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். (கரூர் வாசகர்)

பதில்: டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நேராக அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போங்கள். கல்வித் துறைக் கணினியில் பையனுக்கு உள்ள எமிஸ் எண்ணைப் பழைய பள்ளி விடுவிக்காமல் இழுத்தடித்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான பாக்கி இருந்தால் தவணை கேட்டுக் கட்டிவிடுங்கள், அது தனிக் கணக்கு. திங்கட்கிழமையே பையனை வகுப்பில் உட்காரவையுங்கள்.