கர்ப்பத்தில் ஜிகா வந்தால் குழந்தைக்குப் பாதிப்பு கட்டாயம் வருமா?

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில், கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் காய்ச்சல் வந்தால் குழந்தை கட்டாயம் பாதிக்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தொற்றுக்கு ஆளான தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கே ஜிகா சார்ந்த கோளாறுகள் தெரிகின்றன. ஆனால் முதல் மூன்று மாதங்களில் வந்தால் ஆபத்து கூடுதல்தான்.

வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், சிசுவின் மூளை நரம்பு செல்களாக வளரவேண்டிய ஆரம்பநிலை செல்களைத் தாக்குகிறது. மூளை வளராவிட்டால் மண்டையோடும் விரியாது. 2015-இல் பிரேசிலில் பிறந்த சில குழந்தைகளுக்குத் தலை சிறுத்து, நெற்றி பின்னோக்கிச் சரிந்து, அளவு மிஞ்சிய தலைத்தோல் மடிப்பு மடிப்பாக இருந்தது இதனால்தான். விழித்திரைப் பாதிப்பு, காதுகேளாமை, மூட்டுகள் மடங்கி இறுகிப்போவது, வலிப்பு ஆகியவையும் வரலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: பிறக்கும்போது தலை சரியான அளவில் இருந்தும், சில குழந்தைகளுக்குப் பிறகு வளர்ச்சி மந்தமாகிறது. ஆகவே அளவு நாடாவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது. கண், காது, தலையளவு எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

டெங்கு, சிக்குன்குனியா கதை வேறு. அவை பிரசவ நாளை ஒட்டி வந்தால்தான் குழந்தைக்கும் தொற்றும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். கணவருக்குத் தொற்று இருந்தால் பிரசவம் வரை ஆணுறை தேவை.