காலாவதியான காப்புரிமைக்குத் தொழில்நுட்பக் கட்டணம் கட்ட வேண்டுமா?

நிறுத்தலாம், ஆனால் இந்த மாதமே அல்ல. உங்கள் கடையின் பொரிப்பு இயந்திரத்துக்கான காப்புரிமை முடிந்த பின்பும், கடைப் பெயரைப் பயன்படுத்த உரிமம் தந்த ஃபிரான்சைஸ் நிறுவனம் அதற்குத் தொழில்நுட்பக் கட்டணம் கேட்கிறதென்றால், 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 141ஆவது பிரிவின்படி மூன்று மாத எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து அந்த உரிம ஒப்பந்தத்தை நீங்கள் முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வேறு எப்படி எழுதியிருந்தாலும் சரி.

காப்புரிமையின் ஆயுளான 20 ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே, புதுப்பிப்புக் கட்டணம் கட்டாததால் காலாவதியாகியிருக்கலாம். அப்படியென்றால் காலாவதியான நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் அதை மீட்க விண்ணப்பிக்க அவர்களுக்கு வழி உண்டு, அந்தத் தேதியைப் பாருங்கள்.

காப்புரிமை எண்ணைக் கேட்டு வாங்கி, இந்தியக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் நிலையைச் சரிபாருங்கள். எண் தரத் தயங்கினால் அதுவே பாதி விடை.

இப்படி ஒப்பந்தத்தை முடிக்க, ஒப்பந்தம் போட்டபோது அந்த இயந்திரத்துக்கு இருந்த எல்லாக் காப்புரிமைகளும் முடிந்திருக்க வேண்டும். கடைப் பெயருக்கும் மசாலா ரகசியத்துக்கும் உரிய கட்டணம் தனி. அதில் கை வைக்காதீர்கள். நோட்டீஸை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.