சந்தா கட்டுகிறேன், ஆனாலும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதே!

கேள்வி: படங்களுக்கும் பாடல்களுக்கும் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். தேடிய ஒரு பழைய படம் மட்டும் எதிலும் இல்லை; டோரண்டில் இறக்கிப் பார்த்தேன். அதனால் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. இப்போது, 14 நாட்களுக்குள் இழப்பீடு கட்டி, தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் திருடனா?

பதில்: அந்தச் சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். ஒருவர் பொருளைத் திருடினால் அது அவரிடம் இல்லாமல் போகும், நகலெடுத்தால் போகாது. 1985இல் டௌலிங் வழக்கில், அனுமதியில்லாமல் அச்சிட்ட இசைத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் கடத்தல் சட்டத்தின் கீழ் கொண்டுவர முடியாது என்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பதிப்புரிமையை மீறியதற்காக அந்த டௌலிங்குக்குக் கிடைத்த தண்டனை அப்படியே நின்றது. திருட்டு இல்லை என்பதால் தவறே இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் சிக்கல் படம் பார்த்ததில் இல்லை, டோரண்டில் இருக்கிறது. ஒரு படத்தை டோரண்டில் இறக்கும்போதே அதன் துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து முகம் தெரியாத பலருக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் உங்களை வெறும் பார்வையாளராக நினைக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் விநியோகஸ்தர். தனித்தனியாகப் பார்த்தால் பயன்படாத துண்டுகளாக இருந்தாலும், அவற்றைப் பகிர்வது படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021இல் மிர்காம் வழக்கில் கூறியது. இப்படி மாட்டிக்கொள்பவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பணம் சம்பாதிக்காதது உங்களுக்குச் சாதகம், ஆனால் முழு விடுதலை அல்ல. வணிக அளவில் வேண்டுமென்றே செய்யும் மீறலுக்குக் குற்றத் தண்டனை இருந்தே ஆக வேண்டும் என்கிறது, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 61ஆவது பிரிவு. அதற்குக் கீழே எங்கே கோடு கிழிப்பது என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. இழப்பீடு கேட்கும் உரிமை தனி. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தொகை அதைப் பொறுத்தது.

சந்தா கட்டுகிறேன் என்ற வாதம் நிற்காது. அந்தச் சந்தா அந்தச் சேவை உரிமம் பெற்ற படங்களுக்கானது. நீங்கள் தேடிய படத்தை எடுத்தவர்களுக்கு அதில் எதுவும் போய்ச் சேரவில்லை. ஆனால் படம் எங்குமே கிடைக்கவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. விற்கவும் மாட்டேன், பார்க்கவும் விடமாட்டேன் என்று ஒரு படத்தைப் பூட்டி வைப்பது, அதில் உழைத்த கலைஞர்களுக்கே இழைக்கப்படும் அநீதி. இருந்தாலும் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பது வேறு, நாமே திறந்து ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு. முதலில் உரிமையாளருக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். திரைப்பட ஆவணக் காப்பகத்தில் விசாரித்திருக்கலாம்.

படம் பழையது என்கிறீர்களே, எந்த ஆண்டு வெளியானது? திரைப்படத்துக்கு, அது பொதுமக்கள் பார்வைக்கு வந்ததிலிருந்து 50 ஆண்டுப் பாதுகாப்பு போதும் என்று நாடுகள் வைத்துக்கொள்ள, பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கை இடம் தருகிறது. பல நாடுகள் அதற்கும் மேலே வைத்திருக்கின்றன. காலம் முடிந்திருந்தால் வழக்கே இல்லை. முடியாவிட்டாலும், நோட்டீஸ் அனுப்பியவரிடம் உரிமை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய படங்களின் உரிமை பலமுறை கைமாறி, இடையில் ஒரு பத்திரம் காணாமல் போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நோட்டீஸில் இருக்கும் ஐ.பி. முகவரியும் இணைப்பு யாருடையது என்பதைத்தான் காட்டும், கணினியின் முன்னால் யார் இருந்தார் என்பதை அல்ல.

டோரண்ட் பகிர்வை இன்றே நிறுத்துங்கள். ஆனால் கணினியில் எதையும் அழிக்க வேண்டாம். வழக்கு வந்தால் ஆதாரத்தை அழித்தார் என்ற பழி மூலக் குற்றச்சாட்டைவிடப் பெரிதாகிவிடும். தொலைபேசியில் அவர்களிடம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர்கள் அனுப்பிய உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடவே கூடாது. அதில் இனி எப்போது தவறினாலும் பெருந்தொகை கட்டுவேன் என்ற வாசகம் இருக்கக்கூடும். 14 நாள் கெடு முடியும்வரை காத்திருக்காமல், உங்கள் ஊரில் பதிப்புரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் நோட்டீஸை உறையோடு எடுத்துச் செல்லுங்கள்.