முன்சக்கரம் எழும்பும் டிராக்டருக்கு வார்ப்பிரும்புக் கழிவு

கோபாலபுரம் நண்பருக்கு,

ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்கும்போது முன்சக்கரம் எழும்புகிறது, கோவை வார்ப்படசாலைக் கழிவுத் துண்டுகளை முன்பக்கம் மாட்டும் எடைக்கட்டியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் முதலில் டிரெய்லர் மாட்டும் இடத்தைப் பாருங்கள். அது உயரமாக இருந்தால் எத்தனை எடை தொங்கவிட்டாலும் வண்டி பின்பக்கமாகக் கவிழத்தான் பார்க்கும். தாழ்த்துங்கள்.

மறுபடி உருக்கி வார்ப்பது வீண்செலவு. தகட்டுப் பெட்டியில், எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய துண்டுகளை நெருக்கி அடுக்கி, இடுக்கில் சிமெண்ட் கலவை ஊற்றுங்கள். வார்ப்பிரும்பு லிட்டருக்கு ஏறத்தாழ 7.2 கிலோ, கான்கிரீட் 2.4. இரண்டும் பாதிப்பாதி என்றால் 10 லிட்டர் பெட்டி 48 கிலோ வரும்; இருவர் தூக்கலாம். மாட்டும் கொக்கியைக் கலவை ஊற்றும் முன்பே தகட்டில் பற்றவையுங்கள், வார்ப்பிரும்பில் வேண்டாம், விரிசல் விடும். கொக்கி நழுவாமலிருக்க மேலே ஒரு போல்ட்டும் அவசியம்.